கிண்ணத்தின் அடியில் நின்ற சிவப்பு

பெயின்டைக் காற்றோடு பீய்ச்சும் ஏர்பிரஷ் முதலில் துப்பியது, பிறகு ஒழுகியது. ஒரே கிண்ணத்துப் பெயின்ட் எப்படி முதலில் கெட்டியாகவும் பிறகு தண்ணீராகவும் வரும் என்று டிரைவிங் ஸ்கூல் மாஸ்டருக்குப் பிடிபடவே இல்லை. நாலு மணிக்கு ரிமோட் கார் பந்தயம். பெயின்ட் அடிக்காத காரைக் களத்தில் விடமாட்டார்கள். காரின் மேல்கூடான பாடிகளில் இரண்டு பாழாகி, உள்பக்கம் அடித்த நிறம் வெளியே தெரியும் கண்ணாடி போன்ற ஒரே ஒரு பிளாஸ்டிக் பாடிதான் மிச்சமிருந்தது.

"ஏர்பிரஷ் சரியில்லக்கா. வேற வாங்கணும்."

மருந்துக்கடை வைத்திருக்கும் அக்கா சிரித்தாள். "இதுவே மூணாவது ஏர்பிரஷ். ஊருக்கெல்லாம் வண்டி ஓட்டச் சொல்லித் தர்ற பெரிய மனுஷனுக்கு ஒரு சொட்டு பெயின்ட் ஓட்டத் தெரியல. எங்க, என் கண்ணு முன்னாடி கலக்கு பாப்போம்."

ஏர்பிரஷின் தலையில் இருக்கும் குட்டிக் கிண்ணத்தில் அவர் சிவப்பை ஊற்றினார். மேலே பெயின்டை நீர்க்கவைக்கும் தின்னரைச் சொட்டவிட்டு, குச்சியால் இரண்டு சுற்று சுற்றிவிட்டுப் பெருமையாக நிமிர்ந்தார்.

"அட மேதையே! கிண்ணத்துக்கு அடியில ஓட்டை இருக்கே, கெட்டிப் பெயின்ட் முதல்லயே அதுக்குள்ள இறங்கிடாதா? உன் குச்சி அங்க போகுமா? மேல நிக்கிற தின்னர் அப்புறமாத்தானே வரும்? குழந்தைங்க மருந்துப் பொடிய நான் இப்படிக் கலக்கினா கடைய இழுத்து மூட வேண்டியதுதான்!"

மாஸ்டர் ஏர்பிரஷைக் கழுவினார். தனிக் கோப்பையில் முதலில் தின்னரையும் அதன்மேல் பெயின்டையும் விட்டு, பால் போல ஓடும்வரை கலக்கி, அதற்குப் பிறகே கிண்ணத்தில் ஊற்றினார். பாடியின் உட்புறத்தில் சிவப்பு சீராகப் படிந்தது.