முட்டை வண்டி போன வழி

கரட்டுப்புதூரில் நசுருல்லா என்று கேட்டால் ஆள் யாரென்று யோசிப்பார்கள். முட்டை பாய் என்று கேட்டால் நடக்கத் தெரியாத குழந்தைகூட வழி காட்டும். காட்டிய வழியில் போய்ச் சேர்வது உங்கள் சாமர்த்தியம். மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குள் வருகிற ரோடு அந்த லட்சணத்தில் இருந்தது. ஒரு காலத்தில் தார் போட்டதற்குச் சாட்சியாக அங்கங்கே கறுப்பாய்ச் சில திட்டுகள் மிச்சம், மற்றதெல்லாம் குழி. மழைக்காலத்தில் குழிக்குள் தண்ணீர், வெயில்காலத்தில் குழிக்குள் புழுதி, எந்தக் காலத்திலும் குழிக்குள் ஒரு டூவீலர். இது எந்த ஒன்றியம் என்று மட்டும் கேட்காதீர்கள். சொன்னால் நாளைக்கே ஓர் ஆய்வுக்குழு கிளம்பி வரும், அதுவும் பாவம் அந்தக் குழியில்தான் விழும்.

நசுருல்லாவுக்குத் தொழில், எருமப்பட்டி சுற்றுவட்டாரத்துப் பண்ணைகளில் முட்டை எடுத்து நாமக்கல்லில் லாரிக்குக் கொண்டு சேர்ப்பது. அவருடைய குட்டியானை லோடு வண்டியில் அட்டை அட்டையாக முட்டை ஏறும், ஏறியபடியே முழுசாக இறங்கும். இதில் மாயமந்திரம் ஒன்றும் இல்லை. குழி இருக்கிற ரோட்டில் அவர் போகவே மாட்டார். ரோடு மோசமென்றால் ரைஸ்மில் களத்தில் ஏறி இறங்குவார், பள்ளிக்கூட மைதானத்தைச் சுற்றுவார், தெரிந்தவர் தோட்டமென்றால் வரப்போரமாக ஒரு சலாம் வைத்துவிட்டுப் போய்விடுவார். தன் சொந்த ஊர் ரோட்டில் அவர் வண்டி இறங்கியே பல வருஷம் ஆயிற்று. ஊருக்குப் பக்கத்து ஏரி காய்ந்து கட்டாந்தரையாகக் கிடந்தது. அதற்குள் இறங்கி நேராக மெயின் ரோட்டில் ஏறிவிடுவார். வண்டி போய்ப் போய் ஏரிக்குள் வழவழவென்று ஒரு தடமே விழுந்திருந்தது.

இப்படி நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்த மனிதருக்குத் தலைவலி சம்மந்தி ரூபத்தில் வந்தது. மகள் மெஹ்ரீனைச் சேலம் கோட்டைப் பகுதியில் ஜவுளிக்கடை ஷாஹுல் வீட்டுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார். நல்ல மனிதர், நல்ல குடும்பம். மெஹ்ரீன் மாசமானாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று நசுருல்லாவின் மனைவி அஜீஸுன்னிசா தொட்டில் கட்டக் கயிறு வரைக்கும் வாங்கி வைத்துவிட்டாள். ஆனால் ஷாஹுல் முன்பு ஒருமுறை காரில் வந்து, ஊர் ரோட்டில் காரின் அடிவயிறு தட்டி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரும்பியவர். அவர் போனில் மரியாதையாகச் சொன்னார்: "சம்மந்தி, தப்பா எடுத்துக்காதீங்க. ஏரித் தடமெல்லாம் வேண்டாம், ரோடு போட்டாத்தான் புள்ளையை அனுப்புவேன்."

அன்றைக்கு அஜீஸுன்னிசா அடுப்பே பற்றவைக்கவில்லை. அழுது முடித்த பிறகு புருஷனைப் பிடித்துக்கொண்டாள்.

"ஊரான் முட்டையெல்லாம் பத்தரமாக் கொண்டுபோயி எறக்கறீங்க. பெத்த புள்ளைய ஊடு கொண்டாந்து சேக்க வக்கில்லைங்களா உங்களுக்கு?"

நசுருல்லாவுக்குச் சுருக்கென்றது. மறுநாள் காலையிலேயே ஒன்றிய அலுவலகத்துக்குப் போனார்.

அங்கே ரோடுகளைக் கவனிக்கும் ஓவர்சியர் ஜெயபிரகாஷ் கெட்டவர் அல்ல. கெட்டவராக இருப்பதற்குக்கூடக் கொஞ்சம் சுறுசுறுப்பு வேண்டுமே. ரோட்டைப் பற்றிக் கேட்டதும் பாவமாக முகத்தை வைத்துக்கொண்டு விளக்கினார். ஒன்றியம் பராமரிக்கிற ரோடெல்லாம் கணக்கில் இருக்க வேண்டும், கணக்கில் இல்லாத ரோட்டுக்கு ஒரு சட்டி ஜல்லி கிடையாது. பழைய கணக்கைக் கரையான் தின்றுவிட்டது. இப்போது மேலிடத்திலிருந்து போனில் ஒரு செயலி வந்திருக்கிறது. போனை வண்டியில் வைத்து ரோட்டில் ஓட்டினால் அதுவே அளந்து, படம் பிடித்து, குலுங்குவதை வைத்து ரோடு நல்லதா கெட்டதா என்றும் எழுதிக்கொள்ளும். இனி செயலியில் ஏறியதுதான் ரோடு. மாதக் கடைசிக்குள் ஒன்றியம் முழுக்க ஓட்டி முடித்தாக வேண்டும்.

எல்லாம் சரி, ஓட்டுவது யார்? ஜெயபிரகாஷுக்கு முதுகில் பிடிப்பு. டூவீலரில் உட்கார்ந்தாலே கண்ணில் நட்சத்திரம் பறக்கும். அந்தப் பிடிப்பும் அதே ரோடுகள் கொடுத்ததுதான். ஜன்னல் வழியாக வெளியே நின்ற குட்டியானையைப் பார்த்தார், பிறகு நசுருல்லாவைப் பார்த்தார்.

"ஏனுங்க பாய், சந்து பொந்தெல்லாம் போறவரு நீங்கதான். இந்தப் போனை முன்னாடி வெச்சுக்கிட்டு உங்க பாட்டுக்குப் போங்க. வண்டி போற எடமெல்லாம் தன்னால ரோடாப் பதிஞ்சுக்கும். உங்கூர் ரோட்டுக்கு மொதத் தார் என் பொறுப்பு."

நசுருல்லாவுக்கு வாயெல்லாம் பல். கண்ணாடிக்குக் கீழே சின்ன மெத்தை தைத்துப் போனைப் பதித்தார், தினமும் காலையில் பிஸ்மில்லா சொல்லி அதை இயக்கினார். பிறகு எப்போதும் போலப் பண்ணை பண்ணையாகப் போய் முட்டை எடுத்தார். சர்க்கார் போன் இருக்கிறதே என்று வழக்கத்தைவிடப் பதனமாக, ஒரு சின்னப் பள்ளம் கண்டாலும் வண்டியை ஒடித்து விலகிப் போனார். முட்டை வண்டி எந்த ரோட்டில் போகாதோ அதற்குத்தான் தார் வேண்டும் என்பது கொடுத்தவருக்கும் தோன்றவில்லை, வாங்கியவருக்கும் தோன்றவில்லை.

மாதக் கடைசியில் கணக்கு மேலிடத்துக்குப் போயிற்று. அங்கே பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். அந்த ஒன்றியத்தில் மோசமான ரோடு என்று ஒன்றுகூட இல்லை. ரைஸ்மில் களம் வட்டச் சாலை என்று பதிவாகியிருந்தது. பள்ளிக்கூட மைதானம் புறவழிச் சாலை. கருப்பண்ணன் தோட்டத்து வரப்பு ஊராட்சி இணைப்புச் சாலை. ஜனங்கள் தினம் தினம் இடுப்பொடிந்து போய்வந்த ரோடெல்லாம் படத்தில் ஒரு கோடாகக்கூட இல்லை. மோசமான ரோட்டை ஒழிப்பதற்கு இத்தனை சுலபமான வழியை இதற்குமுன் யாரும் கண்டுபிடித்ததில்லை. ஜெயபிரகாஷைக் கூப்பிட்டுச் சால்வை போர்த்திக் கேடயம் கொடுத்தார்கள். முதுகு பிடித்திருந்ததால் குனிய முடியாமல் நிமிர்ந்து நின்றே வாங்கினார். எவ்வளவு கம்பீரம் என்று பார்த்தவர்கள் பேசிக்கொண்டார்கள்.

ஆனால் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஆனியிலேயே கரட்டுப்புதூருக்கு ஜல்லி வந்தது, தார் வந்தது, ரோலர் வந்தது. ரோலர் ஊர் ரோட்டுப் பக்கம் திரும்பவில்லை. கையில் படத்தோடு வந்த காண்டிராக்டர் ஆட்கள் மெயின் ரோட்டிலிருந்து அதை நேராக ஏரிக்குள் இறக்கினார்கள். நசுருல்லா கரையில் நின்று பார்த்தார். தன்னுடைய டயர் தடத்தின் மேலேயே, அது எங்கே நெளிந்ததோ அங்கே நெளிந்து, கறுகறுவென்று தார் ரோடு வளர்ந்துகொண்டிருந்தது. அப்போதுதான் அவருக்கு விஷயம் விளங்கியது.

ஏரிக்குக் கீழே நிலம் வைத்திருக்கும் கருப்பண்ணன் மாட்டை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தார். "ஏனுங் சார், இது ஏரிங்க. மழ பேஞ்சா இங்க தண்ணி நிக்குமுங்க," என்றார் வேலையைப் பார்க்க வந்திருந்த ஓவர்சியரிடம், பச்சைப் பிள்ளைக்குச் சொல்வது போல.

ஜெயபிரகாஷ் போனை நீட்டிக் காட்டினார். "எங்க கணக்குல ரோடு மட்டுந்தாங்க வரும். ஏரி வேற துறைங்க."

கருப்பண்ணன் நசுருல்லாவின் பக்கம் திரும்பினார். "பாய், நீங்களாச்சும் ஒரு வார்த்த சொல்லுங்க."

சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது. ஆனால் சொன்னால் வேலை நிற்கும். நின்றால் இன்னொரு கணக்கு, இன்னொரு மேலிடம், அதற்குள் மெஹ்ரீனுக்குச் சேலத்திலேயே குழந்தை பிறந்து பள்ளிக்கூடமே போய்விடும். ஏரி நிறைந்து எத்தனையோ வருஷமாயிற்று, இந்த வருஷமா நிறைந்துவிடப் போகிறது? நசுருல்லா தொண்டையைச் செருமிக்கொண்டு, வெயில் ஜாஸ்தியாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார். கருப்பண்ணன் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு மாட்டைப் பிடிக்கப் போய்விட்டார்.

ரோடு முடிந்ததும் பெயர்ப்பலகை நட்டார்கள். நசுருல்லா பலகையும் ரோடும் தெரிய ஒரு போட்டோ எடுத்துச் சம்மந்திக்கு அனுப்பினார். ஷாஹுலுக்குப் பரம திருப்தி. ஏழாம் மாசம் முடிந்து ஐப்பசியில் தானே காரில் கொண்டுவந்து விடுவதாகச் சொன்னார். அஜீஸுன்னிசா புருஷனுக்கு அன்று நெய்ச்சோறு போட்டாள்.

ஐப்பசி வந்தது, மழையும் வந்தது. எத்தனையோ வருஷம் மறந்து கிடந்த மழை, வட்டி போட்டுத் திருப்பித் தருவது போலக் கொட்டியது. ஏரி நிறைந்தது. ஊரே கரையில் கூடிக் கும்மாளமிட்டது, கருப்பண்ணன் தேங்காய் உடைத்துக் கும்பிட்டார். அந்தக் கூட்டத்தில் முகம் செத்து நின்றவர் ஒருத்தர்தான். தண்ணீருக்கு நடுவே பெயர்ப்பலகை கழுத்தளவில் நின்றது. நசுருல்லா வண்டியை மெயின் ரோட்டு டீக்கடையில் நிறுத்திவிட்டுச் சேற்றில் நடந்து ஊருக்குப் போய்வந்தார். சம்மந்தியைக் கூப்பிடப் போனை எடுப்பார், பலகாரம் சுடுகிற மனைவியின் முகத்தைப் பார்ப்பார், போனைப் பையில் போட்டுக்கொள்வார். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்றே சொல்லாமல் விட்டார்.

கார் வந்தது. மெயின் ரோட்டிலிருந்து புதுத் தாரில் திரும்பி, வழுக்கிக்கொண்டு வந்து, தண்ணீர் ஓரத்தில் நின்றது. நசுருல்லா அங்கேதான் காத்திருந்தார். கருப்பண்ணனும் மாடுகளோடு நின்றார். ரோட்டைக் காணோம் என்று கேள்விப்பட்டு ஜெயபிரகாஷும் வந்திருந்தார். ஷாஹுல் இறங்கி வெள்ளை வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அங்குமிங்கும் பார்த்தார்.

"சம்மந்தி, ரோடு எங்கேங்க?"

"உள்ள இருக்குதுங்க," என்றார் நசுருல்லா. "நல்ல நிலையிலதான் இருக்குது," என்று ஜெயபிரகாஷ் வேறு எடுத்துக்கொடுத்தார்.

ஷாஹுல் டிரைவரிடம் வண்டியைத் திருப்பச் சொன்னார். அதற்குள் பின்கதவு திறந்தது. மெஹ்ரீன் வயிற்றைத் தாங்கிக்கொண்டு இறங்கி, தண்ணீருக்கு அந்தப் பக்கம் தெரிந்த தன் ஊர்க் கூரைகளைப் பார்த்தாள். அம்மா அங்கே வாசலில் நின்றுகொண்டிருப்பாள் என்று அவளுக்குத் தெரியும்.

"மாமா, நான் அத்தா வண்டியில பழைய ரோட்டு வழியாப் போயிக்கறேன். முட்டையே ஒடைக்காதவரு, என்னைய ஒடைச்சிருவாரா?"

ஷாஹுல் சம்மந்தியின் முகத்தைப் பார்த்தார். "மெதுவாப் போங்க" என்றார்.

மெயின் ரோட்டுக்குத் திரும்பி, டீக்கடையில் நின்ற தன் வண்டியின் முன்சீட்டில் தலையணை வைத்து மகளை உட்கார்த்தினார் நசுருல்லா. ஜெயபிரகாஷைப் பின்னால் ஏறச் சொன்னார். போனை இயக்குங்கள், இப்போதாவது இந்த ரோடு கணக்கில் ஏறட்டும் என்றார். ஷாஹுலின் கார் மெயின் ரோட்டிலேயே நின்றது.

வண்டி பழைய ரோட்டில் இறங்கியதும் அவர் வேகத்தை ஆள் நடக்கிற அளவுக்குக் குறைத்துவிட்டார். சுற்றுவட்டாரத்தில் எந்தக் குழி எங்கே இருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். இந்த ரோட்டில் ஒரு குழிகூட அவருக்குத் தெரியாது. இத்தனை வருஷமும் விலகி விலகியே போனவருக்கு எப்படித் தெரியும்? எல்லாக் குழியிலும் தண்ணீர் நிறைந்து எல்லாம் ஒரே மட்டமாகக் கிடந்தது. முதல் குழியில் சக்கரம் இறங்கியபோது மெஹ்ரீன் பல்லைக் கடித்துக்கொண்டு, ஒன்றுமில்லை அத்தா என்றாள். அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது கருப்பண்ணன் மாட்டுத் தடியோடு வண்டிக்கு முன்னால் வந்து நின்றார். தினமும் மாட்டை ஓட்டிக்கொண்டு அவர் அந்த ரோட்டில்தான் போய்வந்தார். "பொறுத்துக்க அம்மிணி, ஊடு வந்துரும்," என்று மெஹ்ரீனிடம் மட்டும் சொன்னார், நசுருல்லாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தடியைத் தண்ணீரில் விட்டுப் பார்த்து, இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று கைகாட்டிக்கொண்டே நடந்தார். தடி காட்டிய வழியில் வண்டி ஊர்ந்தது. நசுருல்லா உதட்டுக்குள் துஆ ஓதிக்கொண்டே ஓட்டினார். ஏரிக்குள் தார் போட்ட அன்றைக்கு வாயைத் திறக்காததற்காகத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போல அவருக்கு இருந்தது.

ஊர் வந்ததும் அஜீஸுன்னிசா ஓடிவந்து மகளைக் கட்டிக்கொண்டாள். மெஹ்ரீன் முகம் வெளுத்திருந்தாலும் சிரித்தாள், எனக்குப் பசிக்கிறது என்றாள். நசுருல்லாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பின்னாலிருந்து முதுகைப் பிடித்துக்கொண்டு இறங்கிய ஜெயபிரகாஷ் போனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பாய், பதிவாகலைங்க. வண்டி போற வேகம் இல்லையாமா. யாரோ நடந்துதான் போயிருக்காங்கன்னு காட்டுது. வண்டி போகாத வழிய ரோடுன்னு ஏத்துக்காது." கொஞ்சம் தயங்கினார். "இன்னொருக்கா, சித்த வேகமா ஓட்டலாமுங்களா?"

நசுருல்லா முன்சீட்டுக் கதவை அகலத் திறந்துவிட்டார். மகள் உட்கார்ந்திருந்த தலையணை இன்னும் அங்கேயே இருந்தது.

"ஓட்டலாமுங்க சார். உங்க ஊட்டுல யாராச்சும் மாசமா இருந்தாக் கூட்டிட்டு வாங்க. இங்க உக்கார வெச்சுக்கிட்டு, நீங்க சொல்ற வேகத்துல ஓட்டறேன்."

ஜெயபிரகாஷ் போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அப்புறம் பேண்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டுக்கொண்டு, கணக்கில் இல்லாத அந்த ரோட்டிலேயே மெயின் ரோட்டுக்கு நடந்து போனார்.