நாய் ஆஸ்பத்திரிப் பில்

வெள்ளிக்கிழமை நடுப்பகல் பேர்ணடெற்றின் சவப்பெட்டியைச் சுற்றி இருந்தவர்கள்: கால்மாட்டில் கணவர் ஹியூபேட், துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், தலைமாட்டில் மகள் டிலக்ஷி, வாசலில் கைப்போனோடு பேர்ணடெற்றின் தம்பி எட்வேட், சமையலறைப் பக்கம் கீழ்வீட்டு ஜவாஹிறா, பெட்டிக்குள் பாதி குனிந்தபடி, அடக்க வேலை பார்க்கிற மலர்ச்சாலைக்காரன் நிரோஷன். சுவரோரப் பிளாஸ்டிக் கதிரைகளில் ஜெபமாலை சொல்ல வந்த பெண்கள் சிலர். இல்லாதவன் ஒருவன்தான். மெல்பேர்னில் இருக்கிற மகன் ரெனால்ட். அத்தனை பேரும் காத்திருந்தது அவனுக்காக.

நிரோஷன் பேர்ணடெற்றின் கன்னத்தில் இன்னொரு தரம் பவுடர் போட்டு, கழுத்துப் பக்கத்தை உற்றுப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து டிலக்ஷியிடம் மெல்லச் சொன்னான்.

"அக்கா, இனி வைக்க ஏலாது. கொழும்புச் சூடு. ஃபாதரும் மூண்டு மணிக்குக் கோயிலுக்குக் கொண்டு வரச் சொன்னவர்."

ஹியூபேட்டுக்கு அது கேட்டுவிட்டது. "மகன் வந்து முகம் பார்க்காமல் மூட விடமாட்டன்" என்றார். சத்தம் போடவில்லை. கடந்த மூன்று நாளாகச் சொல்வதையே திரும்பச் சொன்னார்.

பிழை எங்கே தொடங்கியது என்றால், யாரும் ரெனால்ட்டிடம் கேட்கவில்லை. கொட்டாஞ்சேனையில் ஒரு தாய் செத்தால், வெளிநாட்டுப் பிள்ளையிடம் வருகிறாயா என்று கேட்கிற வழக்கமில்லை. எந்த பிளைட் என்றுதான் கேட்பார்கள். செவ்வாய்க்கிழமை விடிய பேர்ணடெற் செத்தார். வெயில் ஏறுவதற்குள் எட்வேட் எல்லாவற்றையும் முடித்துவிட்டார்: மலர்ச்சாலையில் சொல்லி உடம்பு பழுதாகாமல் மருந்தேற்றியாயிற்று, அடக்கம் வெள்ளிக்கிழமை என்று நோட்டீஸ் அடித்தாயிற்று, கட்டுநாயக்க ஏர்போட்டுக்குப் போக வான் பேசியாயிற்று. ரெனால்ட் போனில் அழுதான். அந்த அழுகையையே டிக்கட் எடுத்த மாதிரி எல்லோரும் வைத்துக்கொண்டார்கள்.

அவன் வர மாட்டான் என்பது டிலக்ஷி ஒருத்திக்குத்தான் தெரியும். அன்று பின்னேரமே அவளுக்குத் தனியாகச் சொல்லிவிட்டான். ஏன் என்பதையும் சொன்னான். மீன் முள் தொண்டையில் நிற்பதுபோல அது அவளிடம் நின்றது. சோற்று உருண்டை விழுங்கினால் போகிற முள் இல்லை.

"பிள்ளை, இங்க வா" என்று எட்வேட் அவளைச் சமையலறைக்குள் கூப்பிட்டார். அடுப்பு மூட்டாத சமையலறை. ஜவாஹிறா கொண்டுவந்து வைத்த சோற்றுச் சட்டியும் பருப்பும் மூடியபடி இருந்தன.

"காலையில இருந்து அவன்ர போன் ஓஃப். வான்காரன் ரெண்டு தரம் கேட்டிட்டான். எந்த பிளைட்டில வாறான்?"

"வரேல்ல மாமா."

"எது வரேல்ல? பிளைட்டோ?"

"ரெனால்ட். காசில்ல. இருந்த எல்லாத்தையும் ஞாயிற்றுக்கிழமை நாய்க்குக் கட்டிட்டான்."

எட்வேட் யன்னலைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார், கடைசியாக அவளைப் பார்த்தார்.

"எந்த நாய்க்கு?"

"அவன்ர நாய்க்கு, மாமா. டொஃபிக்கு. வயிறு முறுக்கிக்கொண்டுது. பெரிய நாய்களுக்கு அப்படி வரும். உடனே வெட்டாட்டிச் செத்திடும். ஒன்பதாயிரம் டொலர்."

எட்வேட் கணக்கில் கெட்டிக்காரர். உதடு ஒரு தரம்தான் அசைந்தது.

"பதினெட்டு லட்சம்! பிள்ளை, அந்தக் காசுக்கு மாதம்பிட்டியில குடும்பத்துக்கே கல்லறை கட்டலாம். நாயின்ர வயித்துக்கோ? இங்க எண்டால் அரசாங்க டொக்டரிட்ட கொண்டு போய், கையில ஏதாவது வச்சிட்டு வரலாமே!"

"அங்க அப்படி இல்ல."

"கொஞ்சம் கொஞ்சமாத் தாறன் எண்டு சொல்ல ஏலாதோ?"

டிலக்ஷிக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. தெமட்டகொடையில் ஒரு கட்டடத்தில் இரவு முழுக்க அவள் பார்த்த வேலையே இதுதான். அவுஸ்திரேலியாக்காரர்களின் நாய் பூனை இன்சூரன்ஸ். அங்கே விடியும்போது இங்கே சாமம். காதில் கருவியை மாட்டிக்கொண்டு, அழுகிறவர்களிடம் அழாத குரலில் கதைக்க வேண்டும். அம்மா வருத்தம் முற்றிப் படுக்கையில் விழுந்தபோது வேலையை விட்டாள். உண்மையில் அதற்கு முதலே விட நினைத்திருந்தாள். அம்மாவின் வருத்தம் மரியாதையான காரணமாக வந்து சேர்ந்தது.

அந்த வேலையில் மிருக ஆஸ்பத்திரிப் பில் எப்படி ஏறும் என்பதைப் படித்திருந்தாள். போனவுடன் ஒரு எஸ்டிமேட் தருவார்கள். குறைந்த தொகை ஒன்று, கூடிய தொகை ஒன்று. கூடியதைக் கட்டினால்தான் கத்தியை எடுப்பார்கள். இரவு நேரமென்றால் அதற்குத் தனி. மயக்க மருந்துக்குத் தனி. நாய் படுத்திருக்கிற கூட்டுக்குத் தனி. கட்ட முடியாதவர்களிடம் குரலைத் தாழ்த்தி இன்னொரு வழி சொல்வார்கள்: ஊசி போட்டுத் தூங்க வைக்கலாம். அதற்கும் பில் உண்டு.

"முன்னுக்கே கட்ட வேணும், மாமா. கார்டில இருந்ததைக் கட்டினான். மிச்சத்தை ரெண்டு சிநேகிதரிட்டக் கடன் மாறினான். இனி ஆரிட்டக் கேக்கிறது?"

"நாய்க்கு இன்சூரன்ஸ் எண்டு நீ வேலை செய்தாயே. அவனும் போட்டிருந்தா, செத்தாலாவது ஒரு காசு வந்திருக்குமே?"

"செத்தாக் காசு தாறதுக்கு அது மனிசருக்குப் போடுற ஆயுள் பொலிசி இல்ல, மாமா. வருத்தச் செலவுக்குத்தான். அதையும் அவன் நிப்பாட்டிட்டான்."

"ஏன்?"

"அம்மாவின்ர ஊசிக்கு மாசா மாசம் காசு அனுப்பினவன்தானே. எதையாவது வெட்டத்தானே வேணும். வீட்டு வாடகையை வெட்ட ஏலாது. அதை வெட்டினான்."

எட்வேட் பருப்புச் சட்டி மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்.

"சரி. அது உனக்கும் எனக்கும் தெரிஞ்சாப் போதும். சிங்கப்பூரில பிளைட் சுணங்கிட்டுது எண்டு சொல்லுவம். வெளியில இருக்கிற பொம்பிளையளுக்கு நாய்க் கதை போச்சுதெண்டால், ஜெபமாலை முடிய முதல் கொச்சிக்கடை வரைக்கும் போயிடும்."

"சுணங்கிட்டுது எண்டு சொன்னா அப்பா நாளைக்கும் வச்சிருக்கச் சொல்லுவார்."

சமையலறை வாசலில் நின்ற ஜவாஹிறாவுக்கு எல்லாம் கேட்டிருந்தது. அவள் அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

"மகள், வெறும் வயித்தோட ஈக்க ஏலா. ரெண்டு வாய் திண்டுட்டுப் போய் வாப்பாக்கிட்டச் சொல்லுங்க" என்றாள்.

டிலக்ஷி சாப்பிடவில்லை. அப்பாவின் பக்கத்தில் போய்க் கதிரையில் உட்காராமல் தரையில் குந்தினாள். அப்பாவின் கை பெட்டி விளிம்பில் இருந்தது. அவர் அம்மாவைத் தொடவில்லை, பெட்டியைத்தான் பிடித்திருந்தார். பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவர் கம்பியைப் பிடிப்பது போல.

"அப்பா, ரெனால்ட் வரேல்ல."

ஹியூபேட் அவளைப் பார்க்கவில்லை.

சொன்னாள். இன்சூரன்ஸ், ஊசி, எஸ்டிமேட், ஒன்பதாயிரம், எல்லாவற்றையும். இரவு வேலையில் பழகிய அதே குரலில்தான் சொன்னாள். வேறு குரல் அவளிடம் இருக்கவில்லை. ஜெபமாலைக்காரப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். எட்வேட் வாசலுக்குப் போய் வெளியே பார்த்தபடி நின்றார்.

"ஊசிக்காக அவன் இன்சூரன்ஸை நிப்பாட்டினது அம்மாவுக்குத் தெரியுமோ?" என்று ஹியூபேட் கேட்டார்.

"இல்ல. நான் சொல்லேல்ல."

"நாய் தப்பிச்சுதோ?"

"இல்ல அப்பா. புதன்கிழமை செத்திட்டுது."

"அப்ப கட்டின காசு?"

"தர மாட்டினம். செத்தாலும் பில் பில்தான்."

ஹியூபேட் தலையை ஆட்டினார். "இங்கயும் அப்படித்தானே" என்றார். பேர்ணடெற் கடைசியாகக் கிடந்த ஆஸ்பத்திரிக்கு அவர் நேற்றுத்தான் கணக்குத் தீர்த்துவிட்டு வந்தார். கையுறைக்குக்கூடத் தனியாகப் போட்டிருந்தார்கள்.

மின்விசிறி சுற்றியது. பெட்டியின் தலைமாட்டில் எரிந்த மெழுகுதிரி ஒரு பக்கமாக உருகி வழிந்தது. நிரோஷன் ஆணி முடுக்குகிற திருப்புளியைக் கையில் வைத்துக்கொண்டு, அதைக் காட்டாமல் பின்பக்கமாகப் பிடித்திருந்தான்.

"அவன் அங்க தனியவோ இருக்கிறான்?"

"ஓம்."

"அந்த நாய்தான் இருந்ததோ?"

"ஓம், அப்பா."

"அப்ப அவனும் செத்த வீட்டிலதான் இருக்கிறான்."

வாசலில் நின்ற எட்வேட் திரும்பினார். "அத்தான், அக்காவையும் நாயையும் ஒரு தராசில வைக்காதேங்கோ."

"நான் எங்க வச்சனான்?" என்றார் ஹியூபேட். "ஆர் எங்க இருக்கினம் எண்டுதானே கேட்டனான்." பிறகு மகளிடம், "அவன் சமைச்சிருக்க மாட்டான். அங்க ஆர் சாப்பாடு குடுக்கிறது?"

"தெரியாது, அப்பா."

"கேட்டுப் பார்."

அவள் போனை எடுத்து எழுதினாள். சாப்பிட்டாயா, அப்பா கேட்கிறார் என்று மட்டும். அவன் போனை நிறுத்தியிருந்தபடியால் செய்தி அவனிடம் போகாமல் நின்றது. ஹியூபேட் எழும்பினார். நிரோஷன் கை கொடுத்தான். பேர்ணடெற்றின் நெற்றியில் பவுடர் கலைகிற அளவுக்கு ஒரு தரம் முத்தமிட்டார்.

"மூடு தம்பி" என்றார்.

மூடினார்கள். மாடிப்படி ஒடுக்கமானது. ஒரு திருப்பத்தில் பெட்டியை நிமிர்த்தித்தான் இறக்க வேண்டியிருந்தது. எட்வேட் முன்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு "ஹெமின், ஹெமின், மல்லி" என்று சிங்களத்தில் மலர்ச்சாலைப் பையன்களை நிதானப்படுத்தினார். கட்டுநாயக்கவுக்குப் பேசிய வான் கீழே நின்றது. வாடகை கொடுத்தாயிற்று, வீணாக்கக் கூடாது என்று ஜெபமாலைக்காரப் பெண்களை அதில் ஏற்றச் சொன்னார். யார் யன்னல் பக்கம் என்று அவர்களுக்குள் சின்னச் சச்சரவு வந்தது.

மேலே டிலக்ஷி மெழுகுதிரிகளை அணைத்தாள். ஜவாஹிறா தன்னுடைய சட்டிகளை எடுத்துக்கொண்டு, டிலக்ஷியின் தோளில் ஒரு தரம் கையை வைத்துவிட்டு இறங்கினாள். ஹியூபேட் சேர்ட் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தார். ஒன்று தவறிப் போயிருந்தது. அவள் அதைச் சரி பண்ணிவிட்டாள்.

"இப்ப அங்க என்ன நேரம்?"

"இருட்டியிருக்கும்."

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வெளியே காலை வைத்தார். முதல் படி, இரண்டாவது படி. டிலக்ஷி அவருக்குப் பின்னால் கதவை இழுத்துச் சாத்தி, பூட்டினாள்.