ஏழாவது மீற்றரில் நிற்கும் குண்டுகள்

லண்டன் ரெய்னர்ஸ் லேன் ஸ்டேஷனிலிருந்து பன்னிரண்டு நிமிட நடையில் உள்ள சமூக மண்டபத்தில் ஆறாயிரத்து எழுநூறு ஈயக் குண்டுகள் காற்றில் நிற்கின்றன. ஒவ்வொன்றும் அரைக் கிராம் எடை. தரையிலிருந்து நான்கடிக்கும் ஐந்தடிக்கும் இடைப்பட்ட உயரத்தில், சுடுபவர் நிற்கும் கோட்டிலிருந்து ஏழாவது மீற்றரில், நூலோ கம்பியோ இல்லாமல் நிற்கின்றன. கவுன்சிலிலிருந்து வந்த பாதுகாப்பு அதிகாரி ஒருவர் பேனாவால் ஒன்றைத் தள்ளிப் பார்த்தார், பேனாதான் வளைந்தது. கதிரை போட்டு ஏறி மேலேயும் பார்த்தார். பிறகு, ‘தலையில் இடிபடக்கூடிய நிரந்தரப் பொருள்’ என்று எழுதி, சுற்றிவர மஞ்சள் நாடா கட்டச் சொல்லிவிட்டு, பார்க்கிங் நேரம் முடிவதற்குள் காரை எடுக்க ஓடினார். அதற்குமேல் கவுன்சில் இந்த விஷயத்தில் அக்கறை காட்டவில்லை.

இதெல்லாம் சச்சிதானந்தனின் கையால் வந்தது. அவர் கார் ஓட்டப் பழக்குபவர். ஆறு தரம் டெஸ்டில் தவறியவர்களை ஏழாம் தரம் பாஸாக்கிய கெட்டிக்காரர் என்பதால் ஹரோ வட்டாரம் முழுக்க அவருக்கு மாஸ்டர் என்றுதான் பெயர். அவருடைய காரில் அவர் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. பழகுகிறவர் செய்யும் பிழையில் பழக்குகிறவருக்கும் ஒரு கால் இருக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. அவருக்கு வேறொரு பிழையும் இருந்தது. 1988ஆம் ஆண்டு, பத்தொன்பது வயதில், ஊரிலிருந்த ஆயுத இயக்கம் ஒன்றில் சேர்ந்திருந்தபோது, சந்தி விளக்குக் கம்பத்தில் கட்டப்பட்டிருந்த கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜர் ஒருவரை மேலிடத்து உத்தரவுப்படி சுட்டார். விசையை இழுத்த அதே நொடியில், இது போய்ச் சேரக்கூடாது முருகா என்று மனதுக்குள் கும்பிட்டார். அது போய்ச் சேர்ந்தது. இரண்டு கிழமை கழித்து, அது ஆள் மாறி நடந்த காரியம் என்று அதே மேலிடம் சொன்னது. அவர் அன்றிரவே ஊரைவிட்டு ஓடி, மூன்று நாடு சுற்றி லண்டன் வந்து சேர்ந்தார். மனைவி பாலாம்பிகையைத் தவிர வேறு ஒருவருக்கும் சொல்லவில்லை.

அவருக்கு ஒரேயொரு ஆசைதான் இருந்தது. ஒரு துவக்கு கடதாசியை மட்டும் துளைப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும். தான் பழக்கிய கைகள் ஆயிரம் தரம், பத்தாயிரம் தரம் சுட்டு, ஒவ்வொரு குண்டும் வெறும் அட்டையில் போய் முடிந்தால், அந்த ஒரு குண்டு இந்தக் கூட்டத்துக்குள் எங்கேயாவது தொலைந்துவிடும் என்று நம்பினார். பைத்தியக்கார நம்பிக்கைதான். ஆனால் மனிதருக்கு வேறு ஒன்றும் கைவசம் இருக்கவில்லை. ஆகவே, அயல்வீட்டுக்காரரும் ஓய்வுபெற்ற தபால்காரருமான கீத், தான் நடத்தும் பிஸ்டல் கிளப்பில் இப்போது ஆறு பேர்தான் மிச்சம், புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு வகுப்பு வைக்க ஆள் வேண்டும் என்று வேலிக்கு மேலால் சொன்னபோது, சச்சிதானந்தன் யோசிக்கவே இல்லை. கிளப் நிரப்பச் சொன்ன ஃபோர்மில் சங்கக்கடை மனேஜர்களைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை.

வகுப்புக்கு ஒரு பிஸ்டல் வாங்க வேண்டியிருந்தது. உண்மையான கைத்துவக்கைச் சாதாரண ஆட்கள் இந்த நாட்டில் வைத்திருக்க முடியாது. கிளப்புகளில் இருப்பது அமுக்கிய காற்றில் சுடுவது. அதைத் தெரிவு செய்ய அவருக்கு ஐந்து சனிக்கிழமை பிடித்தது. நம் ஆட்கள் கார் வாங்கினாலும் கட்டில் வாங்கினாலும் நாலு பேர் வந்து மூக்கை நுழைக்காமல் விடமாட்டார்கள். துவக்கை மட்டும் விடுவார்களா? பலசரக்குக் கடை பிரதாபன், வாழ்க்கையில் தண்ணீர்த் துவக்குக்கூடப் பிடித்திராதவர், கடைக்குள் வைத்தே தீர்ப்புச் சொன்னார். “சின்னதாப் பாத்து எடுங்கோ, மாஸ்டர். பொம்பிளையளும் வருவினம். பெரிசு கை நோகும்.”

சச்சிதானந்தன் அதைக் கேட்கவில்லை. சின்னப் பிஸ்டலில் முன்குறியும் பின்குறியும் நெருங்கி இருக்கும்; கண்ணுக்குத் தெரியாத ஒரு மயிரிழைப் பிசகு அட்டையில் ஒரு சாண் ஆகிவிடும். முழு அளவுப் பிஸ்டலில் இரண்டு குறிக்கும் நடுவே நீளம் அதிகம், ஆகவே பிழை சுடுமுன்பே கண்ணில் படும். பாரம் முன்பக்கம் இருப்பதால் நடுங்கும் கையும் கொஞ்சம் அடங்கும். பத்துப் பேரில் ஒருவர் இடக்கைக்காரராக இருப்பார், ஆகவே பிடி இரண்டு கைக்கும் பொருந்த வேண்டும். விசை தொட்டவுடன் வெடிக்கக்கூடாது. புதியவரின் விரல் மனதுக்கு முன்னே ஓடுகிற விரல். எல்லாவற்றையும்விட, ஒரு தரத்துக்கு ஒரு குண்டுதான் போட முடிய வேண்டும், அப்போதுதான் ஒருவரும் அவசரப்படமாட்டார்கள். லண்டனுக்கு வெளியே இருந்த துவக்குக் கடைக்கு ஐந்தாம் சனிக்கிழமை பாலாம்பிகையையும் கூட்டிப்போய், அவளுடைய சின்னக் கையில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைந்த, நீண்ட, கறுப்புப் பிஸ்டல் ஒன்று அவள் கையில் அசையாமல் நின்றது.

“இது நல்லா இருக்கு” என்றாள் பாலாம்பிகை. “வீட்டுக்குள்ள மட்டும் கொண்டு வராதேங்கோ.”

வகுப்பு 2022 ஒக்டோபரில், விஜயதசமியன்று தொடங்கியது. நாள் பார்த்தவர் சச்சிதானந்தன்தான். விஜயதசமியன்று பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் முதல் எழுத்து எழுத வைப்பது நம் வழக்கம். சங்கீதம், நடனம் என்று எதைத் தொடங்கினாலும் அன்றைக்குத்தான். பிஸ்டலுக்கும் அதுவே சரி என்று அவர் நினைத்தார். அங்கேதான் பிழை நடந்தது. வேறு எந்த ஊர்க்காரனும் இந்தப் பிழையை விட்டிருக்க மாட்டான். பிஸ்டலுக்குச் சந்தனப் பொட்டு வைத்து, வந்திருந்த பத்துப் பேரையும் ஒவ்வொருவராகக் கோட்டில் நிறுத்தி, அவர்களுடைய கைக்குமேல் தன் கையை வைத்து, விசைமேல் இருந்த விரலுக்குமேல் தன் விரலை வைத்து, முதல் குண்டைச் சுட வைத்தார். அட்டை பத்தாவது மீற்றரில் இருந்தது; பத்துக் குண்டும் ஏழாவது மீற்றர்வரை போய்க் காற்றில் நின்றன. விழவில்லை. கீத் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தன்னுடைய நாற்பது வருஷத்தில் இப்படிப் பார்த்ததில்லை என்றார். தமிழ்நாட்டுக்காரரான சேகர், வங்கியில் கம்ப்யூட்டர் வேலை, பூசையெல்லாம் முடிந்தபிறகு மூச்சிரைக்க வந்தார்.

“சாரி மாஸ்டர், ட்ரெயின் பாதியில நின்னுடுச்சு. கையெல்லாம் பிடிக்க வேண்டாம், நானே சுட்டுப் பாக்குறேன்.”

சேகரின் குண்டு அட்டையில் ஆறாம் வளையத்தைத் துளைத்தது.

அன்று வீட்டுக்கு வந்த சச்சிதானந்தன் சப்பாத்தைக் கழற்றாமலே குசினி வாசலில் நின்றார். குண்டு காற்றில் நிற்கிறது என்றார். எத்தனையாவது மீற்றரில் என்று பாலாம்பிகை கேட்டாள். ஏழில் என்றார். அவள் அடுப்பை அணைத்துவிட்டு, “முப்பத்திநாலு வருஷம் பிந்தி” என்றாள். அகதி வழக்குக்குப் பதினொரு வருஷம் கழித்துப் பதில் வந்த ஆட்கள் நம்மில் இருக்கிறார்கள். பிந்தி வருவது நமக்குப் புதிதல்ல. ஆனால் அந்தக் கடிதங்கள் வந்தபோது ஆட்கள் உயிரோடாவது இருந்தார்கள். போய்ச் சேரக்கூடாது என்று அவர் கும்பிட்டுக் கேட்டபோது கொடுக்காமல், யாருக்கும் தேவையில்லாத இடத்தில், யாருக்கும் தேவையில்லாத காலத்தில் கொடுக்கப்பட்ட வரம் அது.

கிளப்காரர்கள் பிஸ்டலைச் சந்தேகித்தார்கள். அதை மாற்றி வேறொன்று வந்தது, அதையும் மாற்றி இன்னொன்று வந்தது, கடைசியில் கீத் தன்னுடைய பிஸ்டலையே கொடுத்தார். சச்சிதானந்தன் கை வைத்த பத்துப் பேரில் யார் எதைச் சுட்டாலும் குண்டு ஏழைத் தாண்டவில்லை. சேகர் எதை எடுத்தாலும் அட்டையில் பட்டது. அடுத்த கோடையில் அவருக்கு ஒரு பதக்கமும் கிடைத்தது. மற்றவர்கள் ஒவ்வொருவராக வராமல் நின்றுவிட்டார்கள். அட்டையில் துளை விழாத விளையாட்டை எத்தனை நாள் விளையாடுவது? அந்தக் கோடைக்கு முன்பே, மாசி மாதம் வந்தபோது பத்துப் பேரில் பிரியந்தி மட்டும் மிஞ்சியிருந்தாள்.

பிரியந்திக்கு நாற்பத்திரண்டு வயது. எட்மண்டனில் ஒரு மருந்துக்கடையில் வேலை. புதன்கிழமைகளில் வேலை முடிந்து இரண்டு ரயில் மாறி வருவாள். கிழமைக்கு முப்பது குண்டு, கூடவும் மாட்டாள் குறையவும் மாட்டாள். முப்பதும் காற்றில் நிற்கும். அவள் அலுத்துக்கொண்டதே இல்லை. ஒரு புதன்கிழமை கீத் தேநீர் போடப் போயிருந்த நேரம், பிஸ்டலைத் திறந்து மேசையில் வைத்துவிட்டு, அவளாகவே பேச்செடுத்தாள்.

“நான் ஏன் வாறன் எண்டு நீங்கள் ஒருநாளும் கேக்கேல்லை, மாஸ்டர்.”

“கவனம் கூடும் எண்டு எழுதியிருந்தனீங்கள்.”

“அது ஃபோர்முக்கு எழுதினது. எனக்கு எட்டு வயசில எங்கட அப்பாவைக் கம்பத்தில கட்டிச் சுட்டவை. சங்கக்கடை மனேஜர். சுட்டது ஒரு பெடியனாம். அந்தப் பெடியன்ர கைக்கு அது எவ்வளவு பாரமா இருந்திருக்கும் எண்டு அறியோணும் போல இருந்தது. அவ்வளவுதான்.”

அவர் பேசாமல் இருந்திருக்கலாம். லண்டனில் நம்மவர் இரண்டு பேர் பத்து நிமிடம் கதைத்தால் எங்கேயோ சொந்தம் வந்துவிடும். அதனாலேயே எந்த ஊர், எந்தச் சந்தி என்று கேட்காமல் விடுவதிலும் நாம் கைதேர்ந்தவர்கள். கேட்காமல் விட்டதால்தான் கோயிலிலும் கலியாண வீட்டிலும் ஒரே பந்தியில் இருந்து சாப்பிட முடிகிறது. சச்சிதானந்தன் எந்தச் சந்தி என்று கேட்டார். அவள் சொன்னாள்.

“அது நான்தான், பிள்ளை” என்றார் அவர்.

அவள் கத்தவில்லை. குசினியில் கேத்தில் கொதித்து அடங்கியது. பிறகு எவ்வளவு தூரத்தில் நின்றீர்கள் என்று கேட்டாள். ஏழு, எட்டு மீற்றர் இருக்கும் என்றார். அவள் திரும்பிக் காற்றில் நின்ற குண்டுகளைப் பார்த்தாள். பிஸ்டல் திறந்து கிடக்கிறதா என்று, அவர் பழக்கியபடியே, இன்னொருதரம் சரிபார்த்தாள். கோட்டைத் தாண்டி நடந்து, மஞ்சள் நாடாவுக்குக் கீழே குனிந்து, குண்டுகளுக்குப் பின்னால் போய் நின்று, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“சுடுங்கோ, மாஸ்டர். நிக்குதோ எண்டு பாப்பம்.”

“விசர்க் கதை கதையாமல் இஞ்சால வாங்கோ, பிள்ளை.”

“சுடுங்கோ.”

அவர் குண்டுப் பெட்டிக்குள் கையை விட்டார். ஏன் விட்டார் என்று அவருக்கே தெரியாது. பத்தொன்பது வயதில் சொன்னதைச் செய்த கை அது. ஒரு குண்டு விரல்களுக்கிடையில் வந்தது. அதைப் பிஸ்டலுக்குள் வைக்க அவரால் முடியவில்லை. மூன்று தரம் நழுவி மேசையில் உருண்டது. கடைசியில் இரண்டு கையையும் மேசையில் ஊன்றிக்கொண்டு, “ஏலாது, பிள்ளை” என்று அழுதார்.

“அண்டைக்கு ஏலுமா இருந்ததே” என்றாள் பிரியந்தி.

கீத் தேநீர்த் தட்டோடு வந்து, கோட்டுக்கு முன்னால் ஆள் நிற்பதைக் கண்டு முகம் சிவக்கக் கத்தினார். அந்த மண்டபத்தில் இருந்த ஒரே கடும் சட்டம் அதுதான். அவள் ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டு, திரும்பி வந்து, தேநீரைக் குடித்துவிட்டு ரயிலுக்குப் போனாள்.

அடுத்த புதன்கிழமை பொலிஸ் வரும் என்று சச்சிதானந்தன் வெள்ளைச் சேர்ட் போட்டுக்கொண்டு காத்திருந்தார். வந்தது பிரியந்தி. அவர் மன்னிப்புக் கேட்டார். கொடுக்கிறதற்கு அது தன்னிடம் இல்லை என்று சொல்லிவிட்டு, முப்பது குண்டை எண்ணி எடுத்தாள். வகுப்பை விட்டுவிடுகிறேன் என்று அவர் எழுதிக் கொடுத்ததை, வேறு ஆள் இல்லை என்று கீத் திருப்பிக் கொடுத்தார். அதன்பிறகு இருவரும் அந்த விஷயத்தைப் பேசவில்லை. அவர் தேறவும் இல்லை. அந்த ஒரு குண்டைக் கூட்டத்துக்குள் தொலைக்க நினைத்தவருக்கு, இப்போது ஒவ்வொன்றும் அந்தக் குண்டாகவே கண்ணுக்கு முன்னால் நின்றது. பாலாம்பிகை அவரைக் குடும்ப வைத்தியரிடம் கூட்டிப் போனாள். வைத்தியர் நித்திரைக் குளிசை எழுதித் தந்தார்.

மூன்று வருஷம் போனது. மண்டபம் அதற்கேற்ப மாறிக்கொண்டது. பாட்மின்டன்காரர்கள் வலையை அந்தப் பக்கம் நகர்த்தினார்கள். சனிக்கிழமை பரதநாட்டியப் பிள்ளைகள் நாடாவைத் தொடாமல் சுற்றி ஆடப் பழகிவிட்டார்கள். ஒரு கலியாண வீட்டுக்காரர் அதற்குப் பூச்சரம் சுற்றிப் படமும் எடுத்தார். சுத்தம் செய்ய வரும் பெண் கிழமைக்கு ஒருதரம் இறகுத் துடைப்பத்தால் தூசி தட்டுகிறாள். மண்டபத்தை வாடகைக்கு எடுப்பவர்களுக்குக் கொடுக்கும் தாளில், மேடை, குசினி, நூற்றிருபது கதிரை, காற்றில் குண்டுகள் என்று வரிசையாக அச்சிட்டிருக்கிறார்கள்.

பிரியந்தி இப்போது அட்டையைக் குறிபார்ப்பதில்லை. ஒரு புதன் இடப்பக்கம், ஒரு புதன் வலப்பக்கம், ஒரு புதன் தோள் உயரம் என்று இடம் பார்த்துச் சுடுகிறாள். கை நன்றாகத் தேறிவிட்டது. நினைத்த இடத்தில் நிறுத்துகிறாள். காற்றில் நிற்கும் குண்டுகளெல்லாம் சேர்ந்து, கொடியில் காயப்போட்ட சேர்ட் போல இருக்கிறது என்று முதலில் சொன்னவர் கீத். சச்சிதானந்தன் பக்கத்தில் நின்று ஒவ்வொரு குண்டாக எடுத்துக் கொடுக்கிறார். போன புதன்கிழமை முப்பதும் முடிந்தபிறகு அவள் பிஸ்டலைத் திறந்து வைத்துவிட்டு, தலையைச் சரித்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“அப்பாவுக்கு நெஞ்சு இன்னும் கொஞ்சம் அகலம், மாஸ்டர்” என்றாள்.

அவர் ஓம் என்று தலையாட்டினார்.