ஆணிப்புளி

என் தலைமுடியைப் புளியமரத்தில் வைத்து ஆணியடித்து ஏழு மாதம் ஆகியிருந்தது. ஒரு சனிக்கிழமை மதியம், நல்லானின் அம்மா சென்னம்மாள் எங்கள் பனியன் தைக்கும் செட்டின் பின்வாசலில் வந்து நின்றாள். முன்வாசல் வழியாக அவர்கள் வருவது வழக்கமில்லை. நான் செக்கிங் மேசையில் உட்கார்ந்து வெள்ளைப் பனியன்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். காலையிலிருந்து ஆயிரம் உருப்படியாவது பார்த்திருப்பேன். கழுத்து வலியும் கண் எரிச்சலும்தான் அப்போது என்னிடம் மிச்சமிருந்தவை.

"அம்மிணி, எம்பையன் சோறு திங்கறதில்லைங்க. விடிஞ்சா அந்தத் தோப்புக்குப் போயர்றானுங்க, பொழுது எறங்குனாத்தான் ஊட்டுக்கு வாறான். அங்க நீங்க இருக்கறீங்கன்னு சொல்றானுங்க."

"நான் இங்கதான இருக்கறேன்?"

"அதுதானுங்க எனக்கும் தெரியில. அந்த ஆணிய மட்டும் புடுங்கியுட்டுருங்க அம்மிணி. இப்படியே போனா செத்துப்போயிருவானுங்க." அழுது அழுது ஓய்ந்துபோன குரலில் கணக்கு ஒப்பிப்பதுபோல் சொல்லிவிட்டு, என் பதிலுக்குக்கூட நிற்காமல் போய்விட்டாள்.

நானும் நல்லானும் காதலித்தோம். சுற்றிவளைத்துச் சொல்ல இதில் ஒன்றுமில்லை. மங்கலம் ரோட்டில் அப்பாவுக்கு எட்டு ஏக்கர் காடு. கிணறு வற்றியதும் மாட்டுச்சாளையை இடித்துச் செட் போட்டுப் பன்னிரண்டு மிஷின் இறக்கினார். நல்லானின் ஆட்கள் மூன்று தலைமுறையாக எங்கள் காட்டில் பாடுபட்டவர்கள். அவன் மண்வெட்டியை விட்டு ஓவர்லாக் தையல் மிஷினுக்கு வந்துவிட்டான். சில நாள் ஒரே ஒரு பனியனுக்கு மட்டும் தோளை நீல நூலில் தைத்து அனுப்புவான். செக்கிங்கில் அது என் கைக்குத்தான் வரும். வந்தால் அன்று மாலை தோப்புக்கு வரச் சொல்கிறான் என்று அர்த்தம். தாள் கடிதம் என்றால் யாராவது படித்துவிடுவார்கள். பனியனைப் படிக்கிறவள் நான் ஒருத்திதான்.

தோப்புக்கு ஆணிப்புளி என்று பெயர். பேய் பிடித்த பெண்களை அங்கே கூட்டிவந்து, நடுவிலிருக்கும் பெரிய மரத்தில் உச்சிமுடியை வைத்து ஆணியடிப்பார்கள். பேய் மரத்தோடு தங்கிவிடும், பெண் வீட்டுக்குத் திரும்பிவிடுவாள். அதனால் அந்தத் தோப்பில் ஒருவரும் புளி உலுக்க மாட்டார்கள், சுள்ளிகூடப் பொறுக்க மாட்டார்கள். எங்களுக்கு அதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்? எட்டு மாதம் போய்வந்தோம். ஒரு பேயும் எட்டிப் பார்க்கவில்லை. ஊர்க்காரர்களைவிட நாகரிகம் தெரிந்தவை என்று நல்லானிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

சிரித்ததுதான் வினையாகிவிட்டது. ஆடு ஓட்டிக்கொண்டு போன சுப்பண்ணன், தோப்புக்குள் நான் சிரிப்பதைப் பார்த்துவிட்டு வீட்டில் வந்து சொல்லிவிட்டார். அவர் பார்த்தது என்னை மட்டும்தான். அப்பா பங்காளிகள் இரண்டு பேரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். தோப்புக்குள் யாரோடு சிரித்தாய் என்று கேட்டார். அது தெரியாமல் கேட்ட கேள்வி இல்லை. அவர் கண் செட்டில் ஓடிக்கொண்டிருந்த ஓவர்லாக் மிஷின் பக்கம் போய்ப் போய் வந்தது. நான் ஒரு பெயரைச் சொல்லியிருந்தால் அந்தப் பெயருக்கு உரியவன் மறுநாள் உயிரோடு இருந்திருக்க மாட்டான். வேறு வழி தெரியாமல் கண்ணை மேலே செருகிக்கொண்டு இன்னும் உரக்கச் சிரித்தேன். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு, "ஐயோ, காத்துக் கருப்பு அடிச்சிருச்சு" என்றாள். அப்பாவின் முகத்தில் நிம்மதி வந்தது. பேய் என்றால் தலை நிமிர்ந்தே ஊருக்குச் சொல்லலாம்.

ஆணியடிக்கப் பூவாத்தாளைக் கூட்டிவந்தார்கள். நாற்பது வயதிருக்கும். மற்ற நாளெல்லாம் டவுனில் கட்டிங் வேஸ்ட் துணி பிரிக்கிற வேலை; அமாவாசைக்கு மட்டும் ஒயர்க்கூடையில் சுத்தியோடு புறப்படுவாள். எதிரே நின்றால் ஆத்தா, முதுகுக்குப் பின்னால் சூனியக்காரி. என் தலையில் பெரிய கல்லை ஏற்றி மரம் வரைக்கும் ஓடவிட்டார்கள். நானும் தள்ளாடி, ஊளையிட்டு, குறை வைக்காமல் நடித்தேன். முடியைப் பிடித்து முறுக்கும்போது பூவாத்தாள் என் காதருகே குனிந்தாள்.

"பேய் இல்லைன்னு எனக்குத் தெரியுங் கண்ணு. ஆணிக்குத் தெரியாது. அடிச்சா உள்ளுக்குள்ள என்ன இருக்குதோ அது இங்கயே நின்னுக்கும். வேண்டாம்னா இப்பவே சொல்லு."

கூட்டத்தின் ஓரத்தில் நல்லான் நின்றுகொண்டிருந்தான். அவனுக்கு இரண்டடி தள்ளி என் அப்பா. ஒரு இரும்பு ஆணி என்ன செய்துவிடும் என்று நினைத்தேன்.

"அடிங்க" என்றேன்.

மறுநாள் எழுந்தபோது உடம்பு லேசாக இருந்தது. பசித்தது, சாப்பிட்டேன். செக்கிங்கில் நீலத் தோள் வந்தது. தப்பு நூல் என்று டேமேஜ் பெட்டியில் போட்டேன். அடுத்த நாளும் ஒன்று, அதற்கடுத்த நாளும் ஒன்று. ஐந்தாவதை எடுத்துக்கொண்டு போய், "பாத்து ஓட்டு நல்லான், பீஸு வீணாப்போகுது" என்று அவனிடமே சொன்னேன். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அன்றோடு வேலைக்கு வருவதை நிறுத்திக்கொண்டான். அது எனக்கு வலிக்கவில்லை. வலிக்கவில்லையே என்பதுகூட வலிக்கவில்லை. குண்டடத்துப் பக்கம் ஒரு மாப்பிள்ளை பார்த்தார்கள். வெண்டைக்காய் முற்றலா பிஞ்சா என்று கேட்டால் சொல்வதுபோல் சரி என்றேன். வேலை, சோறு, தூக்கம். தூங்கி எழுந்தாலும் அசதி போகவில்லை. அது மட்டும்தான் ஏனென்று தெரியவில்லை.

சென்னம்மாள் வந்துபோன மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மிஷின் மெக்கானிக்கின் பெட்டியிலிருந்து குறடை எடுத்துக்கொண்டு உச்சிவெயிலில் தோப்புக்குப் போனேன். ஆசையால் போகவில்லை. ஒருவன் பட்டினி கிடந்து சாகிறான், அதற்கு நான் காரணம், அவ்வளவுதான்.

பெரிய மரத்தைச் சுற்றி ஆளுயரத்துக்கு ஆணிகள். ஒவ்வொன்றிலும் முடி. சிலது வெயிலில் செம்பட்டையாகிவிட்டது, சிலதில் எறும்பு ஊர்ந்தது. இதில் பேய் எத்தனை, என்னைப்போல வீட்டில் பெயரைச் சொல்ல முடியாதவர்கள் எத்தனை என்று அன்றைக்குத்தான் தோன்றியது. மரத்தடியில் நல்லான் உட்கார்ந்திருந்தான். கன்னம் ஒட்டி, சட்டை தோளில் நிற்காமல் வழிந்தது. தாழ்ந்த கிளையில் நான் உட்கார்ந்திருந்தேன். ஆணியடித்த நாளன்று கட்டியிருந்த அதே பச்சைத் தாவணி. காலை ஆட்டிக்கொண்டு அவன் சொன்ன எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பயமாக இல்லை. இவள் எவ்வளவு தெம்பாக இருக்கிறாள் என்று பொறாமையாக இருந்தது.

"இவளக் கொண்டுபோகவா வந்தே ரங்கா?" என்றான் நல்லான். ரங்காத்தாள் என்ற பெயரை அப்படிச் சுருக்கியவன் அவன் ஒருவன்தான்.

"உங்கம்மா வந்து அழுதுட்டுப் போச்சு. நீ சோறு திங்கறதில்லையாமா."

"பசிக்கறதில்ல."

என் ஆணியைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. குறடால் பிடித்து லேசாக அசைத்தேன். அதற்கே எல்லாம் திரும்பி வந்தது. அவன் சட்டையில் ஒட்டியிருக்கும் பஞ்சின் வாசனை, நீல நூல் வரும் வரைக்கும் நெஞ்சு அடித்துக்கொள்வது, அப்பாவின் கண் போய்ப் போய் வந்தது, தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதது. ஓர் ஆள் தாங்குகிற அளவாக அது இல்லை. இதைச் சுமந்துகொண்டு செட்டுக்குப் போக வேண்டும், அப்பா முன்னால் நடமாட வேண்டும், என்றாவது ஒருநாள் பெயரைச் சொல்ல வேண்டும். அப்புறம் இவனைப் பிணமாகத் தூக்கிக்கொண்டு வருவார்கள். என் கை தானாகக் குறடை விட்டுவிட்டது. என்னால் முடியவில்லை. நான் கெட்டவள் இல்லை, ஓய்ந்துபோனவள்.

"உட்டுரு" என்றான் அவன். கோபமாகச் சொல்லவில்லை. "அவ இங்க நல்லாத்தான் இருக்கறா."

"அப்ப நீ?"

சட்டைப் பையிலிருந்து ஓர் ஆணியையும், பிசிறு வெட்டுகிற சின்னக் கத்தரியையும் எடுத்தான். "ரெண்டு வாரமா வச்சிருக்கறேன். பூவாத்தாகிட்டக் கேட்டேன், ஆம்பளைக்கு அடிக்கறதில்லைன்னுட்டா. நீ அடிச்சுரு. இவ பக்கத்துலயே அடி."

"அடிச்சா உனக்கு எம்மேல நெனப்பே இருக்காது."

"தெரியும்" என்றான். "எந்தேகத்துக்குச் சோறு வேணும், எங்கம்மாளுக்கு நான் வேணும். அது ஊட்டுக்குப் போகட்டும். மிச்சம் இங்கயே இருந்துக்கறேன்."

அவனே தன் உச்சிமுடியைக் கத்தரித்து என் ஆணிக்கு ஒரு விரல் தள்ளிப் பிடித்துக்கொண்டான். அப்போதும் அவன் என்னைப் பார்க்கவில்லை, கிளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கீழே இறங்கி வந்து அவன் தோளில் கை வைத்தாள். நான் ஒரு கல்லை எடுத்தேன். என்னிடம் ஆசை என்று எதுவும் இல்லை, இருந்தும் கை ஒருமுறை நின்றது. பிறகு அடித்தேன். மூன்று அடியில் ஆணி முழுவதும் இறங்கிவிட்டது.

நல்லான் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தான். சுற்றிலும் பார்த்தான். என்னைக் கண்டதும் சட்டென்று நாலடி பின்வாங்கி, மடித்துக் கட்டியிருந்த லுங்கியை இறக்கிவிட்டான்.

"உச்சி நேரத்துல நீங்க இங்கெல்லாம் வரலாமுங்களா அம்மிணி?"

"ஆடு ஒண்ணு தப்பிப்போச்சு" என்றேன். வேறென்ன சொல்வது?

அவன் முன்னால் நடந்தான், நான் பின்னால். தோப்புக்குள்ளிருந்து இரண்டு பேர் சிரிக்கிற சத்தம் கேட்டது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் ரோட்டுக்கு வந்து சேர்ந்தபோது டீக்கடையில் அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வாய் கொள்ளாமல் பன்னைக் கடித்து, மெல்லுவதற்குள் இன்னொன்றுக்குக் கை நீட்டினான். இரண்டு கன்னமும் உப்பியிருந்தன. நான் கடையைத் தாண்டும்போது, பாதி பன்னைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்று, நான் கடந்து போகும்வரை மெல்லாமல் காத்திருந்தான்.