இடுக்கு விடாத கதவு

தச்சருக்கு வேலை சுத்தம், அதில் குறை சொல்ல முடியாது. அவர் மாட்டிய கதவுக்கும் நிலைக்கும் நடுவே ஒரு காகிதம் நுழையாது. வாய்தான் கொஞ்சம் நீளம்.

பிழைப்பைத் தேடி மனைவியோடு இந்தக் கடலோர நகரத்துக்கு வந்ததுமே பட்டறை மேஸ்திரி சொல்லி வைத்தார்.

"இங்க கதவுக்குக் கொஞ்சம் இடுக்கு விடணும்ப்பா. கடல் காத்து. மழை பிடிச்சா மரம் ஊதிக்கும்."

"இடுக்கு விட்டு மாட்டறதுக்கு நான் எதுக்கு? ஒரு கோணியத் தொங்க விட்டுடலாமே" என்றார் தச்சர். பட்டறையே சிரித்தது. ஆனாலும் அங்கே மேஸ்திரி சொன்னபடிதான் செய்தார், வயிற்றுப்பாடு ஆயிற்றே. வீட்டில் அவரை யார் கேட்பது?

மனைவி மாசமாக இருந்தாள். அவளுக்கு இந்த ஊர் ஒத்துக்கொள்ளவே இல்லை. துவைத்த துணி காயவில்லை, உப்பு ஜாடியில் நீர் கோத்தது, தலைமுடி எந்நேரமும் பிசுபிசுத்தது. அவள் எதைச் சொன்னாலும் அவரிடம் ஒரே பதில்தான் இருந்தது.

"பழகிடும்."

குளியலறைக்குக் கதவு கிடையாது, ஒரு கிழிந்த பிளாஸ்டிக் திரைதான். கூச்ச சுபாவக்காரி, குளிப்பதற்கே அழுதாள். தச்சர் நல்ல மரமாகப் பார்த்து வாங்கி, உள்பக்கம் திறக்கிற மாதிரி ஒரு கதவு செய்து மாட்டினார். தன் பாணியில், இம்மி இடுக்கு இல்லாமல். அவள் அதைத் தடவித் தடவிப் பார்த்தாள். இந்த ஊருக்கு வந்து அவள் சிரித்தது அன்றுதான்.

மழை தொடங்கியது.

"கதவு பிடிக்குதுங்க. நேத்து ரெண்டு கையாலயும் இழுத்துத்தான் தொறந்தேன். கொஞ்சம் இழைச்சு விடுங்களேன்."

அவருக்குச் சுருக்கென்றது. தன் கதவையா குறை சொல்கிறாள்?

"புதுக் கதவு அப்படித்தான் இருக்கும். பழகிடும்."

நாளைக்குப் பார்க்கலாம் என்றுகூட ஒரு வார்த்தை சொல்லவில்லை, மகராசன்.

குளிக்கப் போனவளுக்கு உள்ளேயே வலி கண்டது. அவர் பட்டறையில் இருந்தார். இழுத்தாள், கதவு அசையவில்லை. மறுபடி இழுக்க உடம்பில் தெம்பு இல்லை. மழைச் சத்தத்தில் அவள் குரலும் வெளியே எடுபடவில்லை. எதிர்வீட்டு அக்கா எதற்கோ இந்தப் பக்கம் வந்தபோதுதான் முனகல் கேட்டது. ஆள் கூட்டி முட்டித் திறந்தார்கள்.

"கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருந்தா..." என்று ஆரம்பித்த டாக்டர், தச்சரின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். குழந்தை தங்கவில்லை.

அவள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புவதற்குள் அவர் கதவைக் கழற்றி இழைத்தார். அழுதுகொண்டே இழைத்தார். போதும் என்று கைக்குத் தெரிந்த பிறகும் இழைத்தார். மாட்டியபோது இடுக்கில் ஒரு விரலே நுழைந்தது.

வீட்டுக்கு வந்தவள் குளிக்கப் போனாள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. தச்சர் நிமிர்ந்து பார்த்தார். கதவு விரியத் திறந்து கிடந்தது.

"சாத்திக்கம்மா" என்றார், முகத்தைத் திருப்பிக்கொண்டு. "நல்லா இழைச்சுட்டேன். இப்ப பிடிக்காது."

"இருக்கட்டும்."

"உனக்குக் கூச்சமா இருக்குமே..."

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"பழகிடும்" என்றாள்.