மெத்தைக்காரரின் தொடையில் ஒரு குடித்தனம்

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையின் தலைப்பிலிருந்து கிளம்பியது. தசை, கொழுப்பு போன்ற மென்திசுக்களில் வளரும் கட்டிகள், கொழுப்பு அமிலங்களைச் சேதி சொல்லும் மூலக்கூறுகளாக மாற்றுகின்றனவாம். பாதி புரியவில்லை. புரியாத சரக்கையும் முகம் மாறாமல் விலை கேட்கிற வியாபாரக் குடும்பத்தில் வளர்ந்தவன், எடுத்துக்கொண்டேன்.

2

'மருத்துவமனையின் நீண்ட நடையில் மரணத்தின் நிழல்…'

(இந்த வரியை அடித்துவிட்டேன். மெத்தை விற்கிற மனிதருக்கு இவ்வளவு நிழல் ஆகாது.)

மெத்தைக்காரருக்குத் தொடையில் கட்டி. அறுத்துப் பார்த்தால்தான் நல்லதா கெட்டதா தெரியும் என்கிறார் டாக்டர். "சீசன் முடியட்டும்" என்று இவர் தள்ளிப்போடுகிறார். மனைவி கெஞ்சினாள், பேசாமல் இருந்து பார்த்தாள், கடைசியில் இழுத்து வந்துவிட்டாள். டாக்டரின் அறை வாசலில் உட்கார்ந்திருந்தபோது ஆய்வுக்கூடத்துப் பெண் குறுக்கிட்டாள்.

"ஆபரேஷன் பண்ணிக்கிட்டா, கட்டியில ஒரு துண்டு எங்களுக்குத் தருவீங்களா சார்?"

"வியாபாரமே படியல, அதுக்குள்ள கொசுறு கேக்குறியேம்மா! அதை வச்சு என்ன பண்ணுவே?"

"அந்தத் துண்டு உயிரோட இருக்கும்போதே அதுக்குக் கொழுப்பு அமிலம் குடுத்துப் பாப்போம். கட்டி அதை வேற பொருளா மாத்தி, சுத்தியிருக்கிற செல்லுக்கெல்லாம் சேதி அனுப்பும். இங்க ரத்தக் குழாய் போடு, காவலுக்கு வந்தவங்க கண்டுக்காம போங்க, இப்படி."

"உடம்புக்குள்ள அதுக்கு ஏது கொழுப்பு?"

"உங்களோடதுதான் சார்."

மெத்தைக்காரர் எழுந்தே விட்டார். "என் சரக்கை எடுத்து, என் இடத்துலயே பட்டறை போட்டு, என் வாட்ச்மேனுக்கே கண்ணடிக்கிறானா?"

"எல்லாக் கட்டியும் அப்படித்தானான்னு தெரியல. அதான் பாக்கணும்."

"நல்லாப் பாரும்மா! டாக்டர் எங்க? நாளைக்கே காலி பண்ணச் சொல்லு."

"நான் அழுதப்போ அசையல," என்றாள் மனைவி. "வாடகை தராம ஒருத்தன் இருக்கான்னதும் எந்திரிச்சுட்டாரு பாரு!"

(இப்படி ஒரு மனிதர் பேசுவாரா என்று எனக்கே சந்தேகம். பிறகு புரிந்தது: சீசனெல்லாம் சாக்கு, அவருக்குப் பயம். அதைக் காட்டத் தெரியாது. கோபம் கைவசம் இருந்தது.)

3

அறுவை முடிந்தது. அந்தப் பெண் எட்டிப் பார்த்தாள். "கிண்ணத்துல போட்டப்புறமும் கொஞ்ச நேரம் சேதி அனுப்பிட்டே இருந்துச்சு சார்."

"சேதி வாங்க ஆளில்லாமயா? பாவம்."

"அதுக்குப் போய்ப் பாவம் பாக்குறீங்களே!" மனைவி அவர் காதைத் திருகினாள்.

4

சோதனை முடிவு வந்துவிட்டது. 'நல்ல கட்டி' என்று கதைக்கு ஒரு முடிவு எழுதினேன். அவர் வார்டு முழுவதற்கும் மெத்தை விற்கப் பார்த்தார். 'கெட்ட கட்டி' என்று இன்னொன்று. அவர் டாக்டரிடம் பேரம் பேசினார், மனைவி தன் கணவரின் பாதத்தைப் பிடித்தபடியே… வேண்டாம். இந்த இருவர் மேல் எனக்குப் பாசம் வந்துவிட்டது. பாசம் வைத்த சரக்குக்கு எங்கள் வீட்டில் யாரும் விலை சொன்னதில்லை.

முடிவுத் தாளோடு டாக்டர் கதவுக்கு வெளியே நிற்கிறார். உள்ளே அவள் ஆரஞ்சு உரித்து, நாரையெல்லாம் நீக்கி, ஒரு சுளையை அவர் வாயருகே கொண்டுபோகிறாள். கதவை நீங்களே திறந்துவிடுங்கள்.

அவர் அதை விழுங்கியபிறகு.