மாப்பிள்ளைக் கட்டில்

சில நாள்களாக மருமகன் சஃபீர் இரவுச் சாப்பாட்டை மாமியார் வீட்டில் உண்டுவிட்டு, உறங்குவதற்கு மட்டும் தன் தாய் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தான். கீழக்கரையில் அவர்களுடைய குடும்பத்தார்க்குப் பெண்வீடே மாப்பிள்ளையின் வீடு. துபாயில் வேலை பார்ப்பவன், பிறந்து நான்கு மாதமான மகளை முதன்முதலாகக் காண விடுமுறையில் வந்திருக்கிறான். வந்தவன் இங்கே தங்காமற்போனால் மாமியார் காலிதாவுக்கு நெஞ்சு பொறுக்குமா?

காரணம் தனக்குத் தெரியும் என்றே அவள் நம்பினாள். விரிப்பை மாற்றுகையில் தலையணையோரம் இரத்தப்பொட்டுகள் கிடந்தன. கட்டிலின் பொருத்துகளை ஊக்கினால் கிளறியபோது மூட்டைப்பூச்சிகள் உதிர்ந்தன. மகள் நஸீஹாவின் திருமணத்திற்கெனப் பார்த்துப் பார்த்துச் செய்வித்த தேக்குக்கட்டில் அது! கேட்டுத் தெளியவும் வழியில்லை. மாப்பிள்ளையோடு மாமியார் நேர்நின்று பேசும் வழக்கம் அவ்வீட்டில் இல்லை. கதவுக்குப் பின்னிருந்து, "இன்னுங் கொஞ்சம் ஆணம் ஊத்திக்கச் சொல்லு" என்று குழம்பைக்கூட மகள்வழியாக மொழிவதோடு சரி.

கணவர் வாவு முகம்மதுவோ தீர்ப்பே எழுதிவிட்டார்.

"எல்லாம் இந்தத் தடையால வந்த வினை. எங்க வாப்பா காலத்துல டி.டி.டி. பொடியத் தூவுனா ஊர்ல ஒரு பூச்சி கிடையாது. நல்ல மருந்தையெல்லாம் தடை பண்ணிப்புட்டானுக. போனது பெட்டி படுக்கையோட திரும்பி வந்துருச்சு."

"தடை பண்ணுனவனுக்கு என்ன கிறுக்கா? பச்சப்புள்ள இருக்குற வீடுங்க" என்றாள் காலிதா.

"நாமெல்லாம் அந்த வாடையிலதான் வளந்தோம். செத்தா போயிட்டோம்?"

மறுநாள் அவர் பக்கத்திலுள்ள சிக்கல் என்னும் ஊருக்குப் போய், பழகிய விவசாயி ஒருவரின் கொட்டகையில் கிடந்த பழைய பயிர்மருந்துப் புட்டியொன்றை வாங்கிவந்தார். அம்மருந்தை விற்பனையிலிருந்து விலக்கி ஆண்டுகள் பலவாயின. "வேண்டாம்" என்னும் சொல் காலிதாவின் நாக்குவரை வந்தது. மகளின் அழுத கண்கள் நினைவுக்கு வரவே, அதை விழுங்கிக்கொண்டு, பேத்தியைத் தூக்கியபடி அடுக்களைக் கதவுக்குப் பின் ஒதுங்கினாள். மூடியைத் திருகியதும் நாற்றம் கூடத்தை நிறைத்தது. அந்நேரம் பார்த்துச் சஃபீர் உள்ளே நுழைந்தான்.

"மாமா! மூடுங்க, மூடுங்க அத!"

அவன் குரலுயர்த்தி அவ்வீட்டார் கேட்டதேயில்லை. வாவு முகம்மது திகைத்து மூடியை இறுக்கினார்.

"ஒங்களுக்காகத்தான் மாப்பிள்ள. எங்க வீட்டுப் பூச்சிக்குப் பயந்துதானே நீங்க அங்கன போறீங்க?"

சஃபீர் தலைகுனிந்தான். "அது ஒங்க வீட்டுப் பூச்சியில்ல மாமா. எம் பெட்டியில வந்தது. நாங்க தங்குற கேம்புல கட்டிலுக்குக் கட்டில் இதுதான். தெரியாம பெட்டியக் கட்டிலுக்கு அடியில வச்சுட்டேன். புள்ள கையில தடிப்பப் பாத்த பெறகு இங்கன படுக்க மனசு வரல. உம்மா வீட்டு மொட்டைமாடியில தனியாத்தான் கெடக்கேன். எந்த முகத்த வச்சுக்கிட்டு மாமிகிட்டச் சொல்ல?"

"அப்ப... தடையால வரலையா?" வழக்கில் தோற்றவரைப்போல் கேட்டார் மாமனார்.

"கேம்புல மாசந் தவறாம மருந்தடிக்கிறான். மறுநாளே அதுக வாக்கிங் போகுது. ஒங்க வாப்பா காலத்துல அந்தப் பொடிக்குச் செத்தது நெசந்தான் மாமா. சாகாமத் தப்பிச்சதுக பெத்த வம்சந்தானே இப்ப இருக்கு? இந்த மருந்துக்கு இதுக சாகுமோ என்னமோ, மூச்சு விடப்போறது நம்ம புள்ள."

"அப்ப பிளேன் ஏறி வந்துருக்குங்கிறீங்க. டிக்கெட்டும் எடுக்காம!"

கதவுக்குப் பின்னே காலிதா கேட்டுக்கொண்டிருந்தாள். கோபித்துப் போனவனென்று எண்ணியிருந்தாளே! அந்த 'வேண்டாம்' தான் சொல்லியிருக்க வேண்டியது. பேத்தியை மகளிடம் கொடுத்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நேரே கூடத்துக்கு வந்து நின்றாள்.

"மாப்பிள்ள, கட்டிலக் கழத்துங்க. நான் வெந்நி போடுறேன்."

வாவு முகம்மது மனைவியைப் புதிதாகப் பார்ப்பவர்போல் பார்த்தார்.

பொருத்துகள்தோறும் கொதிநீர் ஊற்றினார்கள். துணிகளை வெந்நீரில் அலசினார்கள். மெத்தையையும் பெட்டியையும் கறுப்புப் பிளாஸ்டிக் தாளில் இறுகச் சுற்றி, கால்வைக்க ஒண்ணாத சித்திரை வெயிலில் மாடியில் கிடத்தினார்கள். புட்டியை என்செய்வதெனக் கேட்டுவர மாமனார் வேளாண்மை அலுவலகத்துக்குப் புறப்பட்டார்.

அந்திநேர மக்ரிப் தொழுகை முடிந்து வந்த சஃபீர் வாசலிலேயே தயங்கினான். "முட்டை இருக்கும் மாமி. இன்னும் பல தடவ ஊத்தணும். அதுவரைக்கும் நான் அங்கனயே..."

"அதுவரைக்கும் ஒங்க லீவு இருக்குமா?"

அவன் விரல்விட்டு நாளை எண்ணினான்.

"கடிச்சா எல்லாரையுந்தான் கடிக்கட்டும். புள்ளைக்குத் தொட்டில் இருக்கு. நீங்க கூடத்துல பாய் போட்டுப் படுங்க."

நஸீஹா பாயை விரித்து, குழந்தையை அவன் மடியில் வைத்தாள். வந்த நாளிலிருந்து புதுமுகம் கண்டு வீறிட்ட குழந்தை, இன்று அவன் தாடியைப் பற்றி இழுத்தது. பிறகு, அன்று அலசிக் காய்ந்த சட்டையை நன்றாக நனைத்தது. நஸீஹா பதறிக் கைநீட்டினாள்.

"இருக்கட்டும், தூக்காத," என்றான் சஃபீர். "இப்பத்தான் ஒட்டுறா."